வகுப்பில் ஒரு பிள்ளையைச் சீண்டும்போது நம் பிள்ளை என்ன செய்யலாம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோருக்காக எழுதியது. ஆசிரியர்களும் படிக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும், கூட்டம் முடிந்து வாசலில் நின்று பேசும்போதும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள்தான் இவை. சீண்டுகிற பிள்ளையைப் பற்றியும் சீண்டப்படுகிற பிள்ளையைப் பற்றியும் நிறையப் பேசியாகிவிட்டது. இங்கே பேசப்போவது சுற்றி நின்று பார்க்கிற பிள்ளைகளைப் பற்றி.

என் பிள்ளையை யாரும் ஒன்றும் செய்யவில்லை. வேறு யாரையோ கிண்டல் செய்தால் நமக்கு எதற்கு வம்பு?

கொஞ்சம் தயங்கித்தான் கேட்பார்கள், ஆனால் பலர் மனசில் முதலில் வருவது இதுதான். ஒரு வகுப்பில் கேலி பழகிவிட்டால் ஆள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். இந்த வருஷம் திக்கிப் பேசுகிற பையன். அடுத்த வருஷம் காலாண்டுத் தேர்வில் ஃபெயிலான பெண். அதற்கடுத்து, அப்பா குடித்துவிட்டுப் பள்ளி வாசலுக்கு வந்து சத்தம் போட்ட வீட்டுப் பிள்ளை. அந்த வரிசையில் உங்கள் வீடு வராது என்று யாரும் எழுதித் தர முடியாது.

பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளையும் சும்மா வீடு திரும்புவதில்லை. ‘நாளைக்கு என்னை இப்படிச் செய்தாலும் யாரும் வரமாட்டார்கள்’ என்பதைக் கற்றுக்கொண்டு வருகிறது. வயிற்று வலி, பள்ளிக்குப் போக அடம் என்று அது வேறு ரூபத்தில் வெளியே வருவதும் உண்டு.

‘எங்கள் பள்ளியில் அதெல்லாம் இல்லை’ என்பவர்களுக்கு ஒரு கணக்கு. யுனெஸ்கோ 2019ல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலக அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு மாணவர் முந்தைய ஒரு மாதத்துக்குள் சீண்டலுக்கு ஆளாகியிருக்கிறார்.

பசங்க சும்மா விளையாட்டுக்கு ஓட்டுவார்கள். அதையெல்லாம் பெரிதுபடுத்தலாமா?

ஓட்டுவது வேறு, சீண்டுவது வேறு. இருவரும் மாறி மாறி ஓட்டிக்கொண்டு இருவருமே சிரித்தால் அது நட்பு, அதில் தலையிட வேண்டாம். இந்தத் துறையில் 1970களிலேயே ஆய்வைத் தொடங்கிய நார்வே நாட்டு உளவியலாளர் டான் ஓல்வியஸ் மூன்று அடையாளங்கள் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பலத்தில் சமமில்லாத ஆளிடம் செய்வது. பலம் என்றால் உடம்பு மட்டுமில்லை. ஆள் சேர்க்கிற பலம், பணம், சாதி, அப்பாவின் செல்வாக்கு எல்லாம் அதில் சேரும்.

நம் பக்கத்தில் இது எதைப் பிடித்துக்கொண்டு வருகிறது என்று பாருங்கள். அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட, ஆயா (பாட்டி) வீட்டில் வளர்கிற பிள்ளைகள் ஏராளம். அவர்களை ‘உங்கம்மா உன்னை விட்டுட்டு ஓடிட்டா’ என்பார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசிவிட்டு வருகிற பிள்ளைக்கு ‘ழ’ வராவிட்டால் போதும், பாடம் வாசிக்கும்போதெல்லாம் வகுப்பே சிரிக்கும். சிப்காட் வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளையின் நிலை இன்னும் மோசம், திருப்பித் திட்டக்கூடத் தமிழ் வராது. சித்தேரி, வத்தல்மலை மாதிரி மலை ஊர்களிலிருந்து இறங்கி வந்து படிக்கிற பிள்ளைக்கு ஊர்ப் பெயரே பட்டப்பெயராகிவிடும். இதில் எதையும் அந்தப் பிள்ளை மாற்றிக்கொள்ள முடியாது. அதனால்தான் இதை விளையாட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

என் மகளுக்குப் பல் கறையாக இருக்கிறது. வாயை மூடிக்கொண்டே சிரிக்கிறாள். வகுப்பில் ‘பல்லு விளக்காதவள்’ என்கிறார்களாம்.

இந்த இரண்டு மாவட்டங்களிலும் கேட்டுக் கேட்டுப் பழகிய புகார். பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. சின்ன வயதில், பல் ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கும்போதே, அதற்கு மேல் உள்ள தண்ணீரைக் குடித்தால் எனாமலில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும். எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே, ஃப்ளோரைடால் வரும் பாதிப்பான ஃப்ளோரோசிஸின் தணிப்பும் உண்டு. 2013ல் பயன்பாட்டுக்கு வந்த அந்தத் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டதே இந்தத் தண்ணீர்ப் பிரச்சினைக்காகத்தான்.

இதை அறிவியல் ஆசிரியரிடம் சொல்லி, அந்தப் பெண்ணின் பெயரை எடுக்காமல், ஒரு பாடமாக நடத்தச் சொல்லுங்கள். காரணம் தெரிந்துவிட்டால் பாதிப் பிள்ளைகளுக்குக் கிண்டல் செய்ய மனசு வராது. மீதிப் பாதிக்கு, பக்கத்தில் இருக்கிற ஒரு தோழி ‘அது போர் தண்ணியால வந்தது, எங்க அக்காவுக்கும் இருக்கு’ என்று சொன்னால் போதும். தயாராக வைத்துக்கொள்ள உங்கள் மகளுக்கும் ஒரு பதில் கிடைத்துவிடுகிறது.

சுற்றி நிற்கிற பிள்ளை வாய் திறந்தால் உண்மையிலேயே நிற்குமா?

நிற்கிறது. கனடாவின் டொரன்டோவில் தொடக்கப் பள்ளி மைதானங்களில் பிள்ளைகளுக்குச் சின்ன மைக் மாட்டிவிட்டுத் தூரத்திலிருந்து கேமராவில் பதிவு செய்தார்கள். அந்த ஆய்வு 2001ல் வெளியானது. சீண்டல் நடந்தபோது 100க்கு 88 தடவை மற்றப் பிள்ளைகள் அங்கேயே இருந்தார்கள். தலையிட்டது 19 தடவைதான். ஆனால் அப்படித் தலையிட்டதில் பாதிக்கும் மேல், 57 சதவீதம், 10 விநாடிக்குள் சீண்டல் நின்றுவிட்டது.

அந்த 10 விநாடியைக் கூட்டத்தில் சொன்னால் பெற்றோர் நம்புவதில்லை. யோசித்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சீண்டுகிறவனுக்கு வேண்டியது பார்வையாளர்கள். ஒருவன் சிரிக்காமல் ‘போதும்டா’ என்றதும் அவனுக்கு மேடை போய்விடுகிறது.

அப்படியானால் நல்ல பிள்ளைகள்கூட ஏன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்?

நம் மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் விழாவுக்குப் பாரதக் கூத்து வைக்கிறோம். துகில் உரிகிற இரவில் பெண்கள் அழுவார்கள், துச்சாதனனைத் திட்டுவார்கள். அந்தச் சபையில் பீஷ்மரும் துரோணரும் இருந்தார்கள் என்பதை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. துரியோதனனின் தம்பிகளில் விகர்ணன் மட்டும் எழுந்து, இது நியாயமில்லை என்றான். கர்ணன் அவனைச் ‘சின்னப் பையன், உனக்கென்ன தெரியும்’ என்கிற மாதிரி அடக்கிவிட்டான். அவனோடு சேர்ந்து இன்னும் பலர் எழுந்திருந்தால்?

கூத்து பார்த்துவிட்டு வரும்போது பிள்ளையிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் ஏன் பேசவில்லை என்று அவர்களே காரணங்களை அடுக்குவார்கள். வகுப்பிலும் அதே காரணங்கள்தான்: வேறு யாராவது சொல்வார்கள் என்று ஒவ்வொருவரும் நினைப்பது, மற்றவர்கள் சும்மா இருப்பதைப் பார்த்து ‘இது அவ்வளவு பெரிய விஷயமில்லை போல’ என்று எடுத்துக்கொள்வது, அடுத்து நம்மைப் பிடிப்பார்கள் என்ற பயம், என்ன சொல்வது என்றே தெரியாத திகைப்பு. கடைசிக் காரணம் நாம் நினைப்பதைவிடப் பெரியது.

பின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவல்லியும் சக ஆய்வாளர்களும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்து 1996ல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 24 சதவீதம் பேர் ஒதுங்கி நிற்கிறவர்கள், 20 சதவீதம் பேர் சிரித்தும் கூச்சலிட்டும் ஏற்றிவிடுகிறவர்கள், 17 சதவீதம் பேர் பாதிக்கப்பட்ட பிள்ளைக்குத் துணை நிற்கிறவர்கள். நேரடியாகச் சீண்டுகிறவர்கள் 8 சதவீதம்தான். ஆக, நாம் பேச வேண்டியது அந்த 8 பேரிடம் மட்டுமில்லை, 24 பேரிடமும் 20 பேரிடமும்கூட. அவர்களில் பெரும்பாலோர் நம் பிள்ளைகள்.

என் மகன் ஒல்லி. எதிர்த்துப் போய் நின்றால் அவனைப் போட்டு அடிக்க மாட்டார்களா?

அடிக்கலாம். அதனால் எதிர்த்துப் போய் நிற்கச் சொல்லாதீர்கள். பக்கத்தில் போய் நிற்கச் சொல்லுங்கள்.

‘தைரியமா இரு, தட்டிக் கேளு’ என்று சினிமாக் கதாநாயகனிடம் சொல்வது மாதிரி பிள்ளையிடம் சொல்லி அனுப்புவது எனக்குப் பிடிக்காத விஷயம். 12 வயதுப் பையன் 15 வயதுக் கூட்டத்தைத் தட்டிக் கேட்க முடியாது. முடியாமல் திரும்பி வரும்போது ‘நான் கோழை’ என்ற எண்ணம்தான் மிஞ்சும். செய்யக்கூடியது வேறு நிறைய இருக்கிறது.

முதல் வேலை, சிரிக்காமல் இருப்பது. இதற்கு உடல் பலம் வேண்டாம், ஆபத்தும் இல்லை. அடுத்து, செல்போன் இருந்தால் வீடியோ எடுக்காமல் இருப்பது, எடுத்ததை அனுப்பாமல் இருப்பது. மூன்றாவது, சீண்டப்படுகிற பிள்ளையை அந்த இடத்திலிருந்து கூட்டிப் போய்விடுவது. ‘உன்னை பி.டி. சார் கூப்பிடறாரு, வா’ என்று கையைப் பிடித்து இழுத்தால் முடிந்தது. அதில் ஒரு சின்னப் பொய் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். அப்புறம், நடந்து முடிந்த பிறகு போய்ப் பக்கத்தில் உட்காருவது. சத்துணவு வரிசையில் கூட நிற்பது, சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரை சேர்ந்து நடப்பது, கபடிக்கு ஆள் பிரிக்கும்போது முதலில் அவன் பெயரைச் சொல்வது. பெரும்பாலும் பிள்ளைகளை உடைப்பது அடி இல்லை, அடிக்குப் பிறகு யாரும் பேசாமல் போவதுதான்.

முடிந்தால் இரண்டு பேராகச் சேர்ந்து செய்யச் சொல்லுங்கள். தனியாக ஒருவன் என்றால் அடுத்த இலக்கு அவன்தான். மூன்று பேர் சேர்ந்து போனால் எதிர்ப்பக்கம் யோசிக்கும்.

கத்தி, பிளேடு, பெரிய பையன்கள், வெளி ஆட்கள், குடித்தவர்கள் என்று இருந்தால் எதுவும் பேசாமல் ஓடிப்போய்ப் பெரியவர்களைக் கூட்டி வர வேண்டும். இதை மட்டும் கண்டிப்பாகவே சொல்லுங்கள்.

சரி, வாயைத் திறந்து என்னதான் சொல்வது?

குட்டியாக, திட்டாமல், அவர்கள் பேசுகிற பேச்சிலேயே.

‘விடு மச்சி, போதும்.’
‘இதுல சிரிக்க என்னடா இருக்கு?’
‘ஏய், அவளை விடுங்கப்பா. மிஸ் வராங்க.’
‘அவன் பேரு அது இல்லையே.’

கடைசி வாக்கியம் பட்டப்பெயருக்கு நல்ல மருந்து. வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம், எல்லாரும் பட்டப்பெயரில் கூப்பிடும்போது ஒருவன் மட்டும் நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால், மெல்ல இன்னும் சிலருக்கும் அது தொற்றும்.

வீட்டில் ஒத்திகை பாருங்கள். நீங்கள் வம்பு செய்கிற பையனாக நடிக்க வேண்டும், பிள்ளை பதில் சொல்ல வேண்டும். முதலில் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். பரவாயில்லை, நாலு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பழகின வாக்கியம்தான் அந்த நேரத்தில் வாயில் வரும்.

டவுன் பஸ்ஸில் நடந்தால்?

கண்டக்டரிடம் போய்ச் சொல்லச் சொல்லுங்கள். நம் பக்கத்து டவுன் பஸ்களில் காலையும் மாலையும் படிக்கட்டு வரை கூட்டம், உள்ளே நடப்பது ஆசிரியர் கண்ணில் படாது. சீண்டப்படுகிற பிள்ளைக்கும் சீண்டுகிறவர்களுக்கும் நடுவே பையோடு போய் நின்றுகொள்வது, தன் சீட்டில் இடம் கொடுத்து உட்காரவைப்பது இரண்டும் பஸ்ஸில் நன்றாக வேலை செய்யும். பெரியவர்களே, நீங்களும் அதே பஸ்ஸில்தான் வருகிறீர்கள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளாதீர்கள்.

சாரிடம் சொன்னால் ‘போட்டுக் கொடுத்துட்டான்’ என்று மற்றப் பிள்ளைகள் ஒதுக்குகிறார்களாம்.

இந்தக் கேள்விகளிலேயே முக்கியமானது இது, பதிலில் பெரும்பங்கு பெரியவர்கள் மேல் விழுகிறது.

பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது எளிது. ஒருவனை மாட்டிவிட்டுச் சந்தோஷப்படுவதற்காகச் சொன்னால் அது கோள். ஒருவனை ஆபத்திலிருந்து எடுப்பதற்காகச் சொன்னால் அது உதவி. எட்டு வயதுப் பிள்ளைக்கும் இந்த வித்தியாசம் புரியும்.

ஆசிரியர் பக்கம்தான் அதிகம் கெடுகிறது. ஒரு பிள்ளை ரகசியமாக வந்து சொல்கிறது. அடுத்த பீரியடில் சார் வகுப்புக்குள் வந்து, சொன்ன பிள்ளையையே எழுப்பி நிறுத்தி, ‘இவன் சொல்றது உண்மையா?’ என்று கேட்கிறார். அன்றோடு அந்த வகுப்பில் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள். இன்னும் சிலர் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கை குலுக்கவைத்து அனுப்பிவிடுவார்கள். அந்தக் கைகுலுக்கலுக்குக் கணக்கு மாலையில் கேட்டுக்கு வெளியே தீர்க்கப்படும்.

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் ஒரு மாணவர், சக மாணவர்கள் சாதியை வைத்துத் தன்னைத் தொல்லை செய்வதைப் பள்ளியில் சொன்ன பிறகு, வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. சொன்ன பிள்ளையின் பாதுகாப்பை முதலில் யோசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு எதைச் சொல்வது?

ஆகவே, ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். யார் சொன்னது என்பதை வெளியே விடாதீர்கள். ‘நானே கவனித்தேன்’ என்று தொடங்குங்கள். சீண்டுகிற பிள்ளைகளைக் கூட்டமாக இல்லாமல் தனித்தனியே கூப்பிட்டுப் பேசுங்கள். ஒரு வாரம் கழித்து, சொன்ன பிள்ளையிடம் ‘இப்போ எப்படி இருக்கு?’ என்று யாரும் பார்க்காதபோது கேளுங்கள். அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டி வைத்திருப்பதே பெயர் வெளியே தெரியாமல் பிள்ளைகள் எழுதிப் போடுவதற்காகத்தான். அதை ஹெச்.எம். அறை வாசலில், எல்லார் கண்ணும் படுகிற இடத்தில் வைத்தால் யார் போடுவார்கள்?

சாதியை வைத்துச் சீண்டினால் நம் பிள்ளை பேசலாமா? ஊர்ப் பகையாகிவிடுமே?

பேச வேண்டியதில் முதல் இடம் இதற்குத்தான், கவனம் அதிகம் தேவைப்படுவதும் இதில்தான். 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய்ப் பக்கம் மூன்று தலித் குடியிருப்புகளில் வீடுகள் எரிக்கப்பட்ட மாவட்டம் தர்மபுரி. அப்போது கைக்குழந்தையாக இருந்தவர்கள் வளர்ந்து மேல்வகுப்புகளுக்கு வந்துவிட்டார்கள். வீட்டில் நாம் என்ன பேசுகிறோமோ அதுதான் ரீசஸ் நேரத்தில் மைதானத்தில் ஒலிக்கும்.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையிலான ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு ஆகியவற்றைத் தடுக்கவும், வகுப்பில் பெயரின் அகரவரிசைப்படி உட்காரவைக்கவும் அதில் பரிந்துரைகள் இருந்தன. உட்காரும் வரிசை சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதில்தான் யாருக்காக யார் பேசுவார்கள் என்பது தொடங்குகிறது.

பிள்ளையைத் தனியாக நின்று வாதாடச் சொல்ல வேண்டாம். பாதிக்கப்பட்ட பிள்ளையோடு சேர்ந்து சாப்பிடுவது, சேர்ந்து விளையாடுவது, நடந்ததை வீட்டில் வந்து சொல்வது வரை அவர்கள் வேலை. அதற்கு மேல் பெற்றோர் வேலை. ஆதிக்கப் பக்கத்துப் பெற்றோர் ஒருவர் ஹெச்.எம்.மிடம் போய் ‘எங்க பசங்க பேசினது தப்பு’ என்று சொன்னால், பத்துப் புகார் மனுவுக்குச் சமம். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளைச் சாதி சொல்லி இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வருகிற குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும்.

விடுதியில் தங்கிப் படிக்கிறவர்கள் என்ன செய்வது?

விடுதியில் சிக்கல் வேறு மாதிரி. மாலை ஆனால் வீட்டுக்குப் போய்விடலாம் என்பது இல்லை. சீனியர் துணி துவைக்கச் சொல்வது, சாப்பாட்டைப் பிடுங்குவது, ராத்திரி தூங்கவிடாமல் செய்வது எல்லாம் ‘வழக்கம்’ என்ற பெயரில் நடக்கும். புதிதாக வந்த பிள்ளைக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்கிற ஒரு பிள்ளை போதும், பாதித் தொல்லை குறையும். வாராவாரம் போன் பேசும்போது காப்பாளர் அறையிலிருந்து பேசினால் பிள்ளை மனம் திறக்காது. நேரில் போகிற அன்று வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பிலும் இன்ஸ்டாவிலும் நடந்தால்?

அங்கே சிரிப்பு எமோஜி போடுவதும் சிரிப்புதான். பகிராமல் இருப்பது, ‘இதை டெலிட் பண்ணுங்க’ என்று ஒரு வரி எழுதுவது, பாதிக்கப்பட்ட பிள்ளைக்குத் தனியாக ஒரு மெசேஜ் அனுப்புவது, ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பெரியவர்களிடம் காட்டுவது ஆகியவை போதும். படத்தை ஆபாசமாக மாற்றியிருந்தால் மட்டும் கதை வேறு. அதை ‘ஆதாரத்துக்கு’ என்றுகூட யாருக்கும் அனுப்பக் கூடாது. நேராகக் காவல் நிலையம்தான். 18 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் மீதான பாலியல் குற்றத்தை 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிந்தவர் யாரானாலும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆசிரியரும் நாமும் அதில் அடக்கம்.

ஆசிரியரே பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார். பிள்ளை எப்படிப் பேசும்?

பிள்ளை பேச வேண்டாம், நீங்கள் பேசுங்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. முதலில் அவரிடமே தனியாக, மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள். பல ஆசிரியர்கள் செல்லமாகத்தான் கூப்பிடுவதாக நினைத்திருப்பார்கள். ஆனால் சார் ஒரு தடவை ‘டேய் குண்டு’ என்றால், வகுப்புக்கு அது வருஷம் முழுக்கச் செல்லும் லைசென்ஸ்.

பள்ளியாகச் சேர்ந்து ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். செலவும் அதிகமில்லை.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 56 நடுநிலைப் பள்ளிகளில் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2016ல் வெளியானது. அவற்றில் பாதிப் பள்ளிகளில் மாணவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து, தங்கள் பள்ளியில் என்ன பிரச்சினை, அதற்கு என்ன செய்யலாம் என்று அவர்களையே யோசிக்கவைத்தார்கள். அந்தப் பள்ளிகளில் மோதல் புகார்கள் மற்றப் பள்ளிகளைவிடச் சுமார் 30 சதவீதம் குறைந்தன. அதிக மாற்றத்தைக் கொண்டுவந்தவர்கள், மற்றப் பிள்ளைகள் அதிகம் கவனிக்கிற, எல்லாரோடும் தொடர்புள்ள பிள்ளைகள். நாம் என்ன செய்கிறோம்? இந்த மாதிரி வேலைக்கு எப்போதும் முதல் ரேங்க் பிள்ளையையும் கிளாஸ் லீடரையும் நிறுத்துகிறோம். கபடி டீம் கேப்டனையும், கடைசி பெஞ்சில் எல்லாரையும் சிரிக்கவைக்கிற பையனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் ‘விடுங்கடா’ என்றால் வகுப்பு விடும்.

அந்த ஆய்வில் நல்லது செய்த பிள்ளைகளுக்கு ஆரஞ்சு நிறக் கைப்பட்டை கொடுத்தார்கள். அதை மட்டும் இங்கே காப்பியடிக்க வேண்டாம், நம் ஊரில் கலர் கயிற்றுக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கைதட்டல் போதும். அதுவும்கூட, துணை நின்ற பிள்ளைக்கு ஆபத்து இல்லாத நேரத்தில் மட்டும்.

பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘கீவா’ என்ற திட்டம் 2009ல் நாடு முழுக்கப் பள்ளிகளுக்குப் போனது. அதன் மையமே சுற்றி நிற்கிற பிள்ளைகள்தான். பாடமாக, விளையாட்டாக, நடித்துக் காட்டுவதாக வருஷம் முழுக்க நடத்துகிறார்கள். ஒருநாள் உறுதிமொழி வாசித்துவிட்டு விடுவதில்லை. நம் பள்ளிகளில் இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், சாரணர், நாட்டு நலப்பணித் திட்டம் எல்லாம் இருக்கின்றன. மாதம் ஒரு பீரியடை அவற்றில் ஒன்றிடம் கொடுக்கலாம்.

பெரியவர்கள் தொடங்காமலே நடந்ததும் உண்டு. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 2007ல், பிங்க் சட்டை போட்டு வந்த ஒரு பையனைக் கிண்டல் செய்தார்கள். அதே பள்ளியின் 12ஆம் வகுப்பு மாணவர்கள் இருவர் கடைக்குப் போய் 50 பிங்க் சட்டைகள் வாங்கி, மறுநாள் நண்பர்களுக்குக் கொடுத்துப் போடவைத்தார்கள். இப்போது கனடாவில் வருஷாவருஷம் அதற்கென்றே ஒரு நாள் இருக்கிறது.

விசாரித்துப் பார்த்தால் சீண்டுகிறவனே என் பையன்தான். என்ன செய்ய?

அடிக்காதீர்கள். பெரியவன் சின்னவனை அடிக்கலாம் என்பதைத்தான் அவன் ஏற்கெனவே தப்பாகப் படித்து வைத்திருக்கிறான். செய்ததைச் சொல்லவைத்து, நேரில் போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று முதலில் அந்தப் பிள்ளையின் வீட்டில் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் விடுங்கள். பிடுங்கியதைத் திருப்பிக் கொடுக்கவையுங்கள். அவனை வேறு எங்காவது யாராவது இதே மாதிரி நடத்துகிறார்களா என்றும் பாருங்கள். பல வீடுகளில் அந்த இழை அண்ணனிடமோ சித்தப்பாவிடமோ போய் முடியும்.

‘ஸ்கூல்ல என்ன நடந்துச்சு கண்ணு?’ என்றால் ‘ஒண்ணுமில்ல’ என்கிறான். எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வியை மாற்றிப் பாருங்கள். ‘இன்னைக்கு யாரு தனியா சாப்பிட்டாங்க?’ ‘பஸ்ல யாருக்கு இடம் கொடுக்கல?’ ‘உங்க கிளாஸ்ல யாரை எல்லாரும் ரொம்ப ஓட்டுறாங்க?’ தன்னைப் பற்றிச் சொல்லத் தயங்குகிற பிள்ளை அடுத்தவனைப் பற்றிக் கொட்டிவிடும். பதில் வந்ததும் உடனே போனை எடுத்து ஹெச்.எம்.முக்கு அடிக்காதீர்கள். ‘நீ என்ன பண்ணுன?’ என்று அதட்டவும் வேண்டாம். ‘நாளைக்கு நீ என்ன பண்ணலாம்னு நினைக்கிற?’ என்று கேட்டு, அவன் சொல்வதிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் பெங்களூரில் வேலையில் இருந்தால் இதே கேள்விகளை வீடியோ காலிலும் கேட்கலாம். ஆயாவிடமும் சொல்லிவையுங்கள்.

பள்ளியில் சொல்லியும் நிற்கவில்லை. அடுத்து எங்கே போவது?

வகுப்பு ஆசிரியர், தலைமை ஆசிரியர், அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். அங்கே பேசித் தீர்மானமாக எழுதவையுங்கள். அதிலும் நகரவில்லை என்றால் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. பிள்ளைகள் பாதுகாப்புக்கு 1098, எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், பிள்ளையே அழைக்கலாம். உடனடி ஆபத்து என்றால் 112. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு தர்மபுரியிலும் உண்டு, கிருஷ்ணகிரியிலும் உண்டு. கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.

எங்கே கொடுத்தாலும் எழுத்தில் கொடுங்கள். தேதி, இடம், என்ன நடந்தது என்று மட்டும் எழுதினால் போதும், அடைமொழிகள் வேண்டாம். பார்த்துச் சொன்ன பிள்ளையின் பெயரை மனுவில் எழுதாதீர்கள். விசாரணை அதிகாரி கேட்டால் நேரில், தனியாகச் சொல்லலாம், அதுவும் அந்தப் பிள்ளையின் பெற்றோர் சம்மதித்த பிறகு. ஒரு நகலில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.